இடது கண்ணுக்கு விழுந்த சீட்டு

என் மனைவிக்கு வலது கண் போனபோது நாங்கள் பெரிதாக அழவில்லை. இடது கண் இருந்தது. அது போதும் என்று அவளே சொன்னாள்.

அவளுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அது காலைத் தின்னும், சிறுநீரகத்தைத் தின்னும் என்று கேள்விப்பட்டிருந்தோம். கண்ணுக்குள் போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு காலை நான் நீர்வேலிச் சந்தைக்குக் கதலி வாழைக் குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்று, "என்னப்பா, கண்ணுக்குள்ளை கறுப்பாப் புகை ஓடுது" என்றாள். அடுப்புப் புகையாக்கும் என்று நினைத்தோம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் இரத்தம் கசிந்து, திரையே இழுபட்டுக் கழன்றுவிட்டது என்றார்கள். நாங்கள் காண்பதெல்லாம் அந்தத் திரையில்தான் விழுகிறதாம். இனி அந்தக் கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள்.

இடது கண்ணையும் சோதித்தார்கள். அதன் திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பார்வை இன்னும் குறையவில்லை. இப்படிப்பட்ட கண்களுக்கென்றே அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. முதலில் லேசர் ஒளியால் சுட்டுப் பார்ப்பது நல்லதா, முதலிலேயே கண்ணுக்குள் மருந்தூசி போடுவது நல்லதா என்று அறிவதற்கான ஆய்வு. விருப்பம் என்றால் சேரலாம் என்றார் டொக்டர்.

நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் வெளியாட்களோடு கதைப்பது அவள்தான். அன்றும் நான் கதிரையின் நுனியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள்தான் கேட்டாள், அவள்தான் ஓம் என்றாள்.

ஆய்வு வேலைகளைப் பார்க்க ஓர் இளம் பெண் இருந்தாள். நெல்லியடிப் பக்கம், ஸ்கூட்டியில் வந்துபோகிறவள். எங்களை உட்கார வைத்து வெகு நேரம் விளங்கப்படுத்தினாள். என்னென்ன சோதனை, எத்தனை தரம் வரவேண்டும், பார்வை குறைந்தால் என்ன செய்வார்கள், விருப்பமில்லாவிட்டால் எப்படி விலகலாம் என்று எல்லாம் சொன்னாள். இவ்வளவும் சொன்னாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று என் மனைவியின் காதில் நின்றது ஒன்றுதான்.

"ஆருக்கு லேசர், ஆருக்கு ஊசி எண்டு டொக்டர் தெரிவுசெய்ய மாட்டார் அம்மா. நீங்களும் தெரிவுசெய்யேலாது. கொம்பியூட்டர்தான் சீட்டுப் போடும். அப்பதான் ஒரு பக்கம் சாயாமல் உண்மை தெரியவரும்."

"பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாக்கிற மாதிரியோ, பிள்ளை?"

அந்தப் பெண் சிரித்தாள். "ஓம் அம்மா. உங்கடை பிள்ளையாருக்குக் கரண்ட் தேவையில்லை. இவருக்குத் தேவை. அவ்வளவுதான் வித்தியாசம்."

என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். மனம் ஒரு முடிவுக்கு வராதபோது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் சுற்றிச் சாமியின் காலடியில் வைப்பார்கள். ஐயர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஓம், சிவப்பு வந்தால் இல்லை. எடுத்த பிறகு மறுபடி கேட்கக் கூடாது. எங்கள் சாதகங்கள் பொருந்தியும் பொருந்தாமலும் கிடந்தபோது அவளுடைய தகப்பன் பூக்கட்டித்தான் பார்த்தார். வெள்ளை வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. சாதகம் அன்றைக்கே சொன்னது என்று சனம் கதைத்தபோதெல்லாம், "வெள்ளைப் பூ வந்தது" என்ற ஒரே சொல்லால் அவர்களின் வாயை அடைத்தவள் அவள்.

கொம்பியூட்டர் அவளுக்கு லேசரைக் கொடுத்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னதும் என் மனைவி இரண்டு உள்ளங்கைகளையும் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

லேசர் செய்த நாளில் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டிருந்தார்கள். பருத்தித்துறை பஸ்ஸில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். "நோவேல்லை. மின்னல் வெட்டினாப் போலை கிடந்தது" என்றாள். சுவரில் மாட்டிப் பார்க்கச் சொல்லிச் சிறு சதுரங்கள் கீறிய அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். தினமும் அதன் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே வரவேண்டும்.

அடுத்த முறைகளில் விழித்திரையைப் படம் எடுத்தபோது டொக்டர் எனக்கும் காட்டினார். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் மடல்மடலாகத் தெரியுமே, அப்படிப் படைபடையாக இருந்தது. நடுவில் ஒரு மேடு. மேட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். அவைதான் நீர் என்றார். அது வற்றவில்லை, கூடியிருக்கிறது. அவள் படித்த எழுத்துகளும் முந்தியதைவிடக் குறைவு.

"இனி ஊசி போடுவம் அம்மா" என்றார். "இலவசம்தான். பயப்பட ஒண்டுமில்லை."

"வேண்டாம் டொக்டர்."

"ஏன்?"

"எனக்கு ஊசிக்குப் பயம்."

அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிந்தினால் கண் பழுதாகும் என்றும் சொன்னார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரும்பாதவருக்குச் செய்ய முடியாது, யோசித்துக் கெதியாக வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "உமக்கோ ஊசிக்குப் பயம்? ஒவ்வொரு நாளும் வயித்திலை இன்சுலினை நீரேதானே குத்திறீர்."

"உது வேறை."

"என்ன வேறை?"

பஸ் கோப்பாயைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "விழுந்தது லேசர். அது சரிவரேல்லை எண்டு மற்றதைத் தாங்கோ எண்டு கேக்கிறதோ? அப்பிடியெண்டால் நான் உங்களையும் மாத்திக் கேட்டிருக்கலாமே. எத்தினை பேர் சொன்னவை."

பக்கத்தில் நின்ற மனிதர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் கண்ணைப் பணயம் வைத்து என்னைக் காப்பாற்றுகிறவள் போல இருந்தாள்.

ஆனால் நான் விட்டுவிடவில்லை. கோயில் ஐயரிடம் போய் முழுவதையும் சொல்லி, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் வந்தார்.

"பிள்ளை, நீ கேட்டது கொம்பியூட்டரிட்டை. அதுக்குச் சாமி என்ன செய்யும்? என்ரை கை எடுத்த பூவோ அது?"

"உங்கடை கையை ஆர் அசைக்கிறதோ அவர்தான் ஐயா அதையும் அசைக்கிறது."

ஐயர் என்னைப் பார்த்தார். "இதுக்கு நான் என்ன சொல்ல? நான் சொல்லிக் குடுத்ததைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லுறா" என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்படியே ஒரு வாழை பூப்பொத்தி தள்ளிக் குலை முற்றும் காலம் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டால், "சுகமா இருக்கிறன் பிள்ளை, வாறன்" என்பாள். சுவர் அட்டையைப் பார்த்து, "நேராத்தான் கிடக்கு" என்பாள். சோற்றில் கல் கடிபட்டது. வாழையிலையை அவள் நரம்பு கிழிய வெட்டினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்டால் கோபம் வந்தது அவளுக்கு.

ஒரு பின்னேரம் தோட்டத்து வரம்பில் நின்றவள் றோட்டைக் காட்டினாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கரண்டுக் கம்பம் நடுவாலை வளைஞ்சு நிக்குது. விழப்போகுது. கரண்டுக் கந்தோருக்கு ஆரும் சொன்னவையோ?"

நான் பார்த்தேன். சீமெந்துக் கம்பம். நட்ட நாளில் இருந்தபடியே நேராக நின்றது.

"சொல்லுறன்" என்றேன்.

அடுத்த நாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியே போனேன். அந்தப் பெண்ணின் அறை வாசலில் நின்றேன். உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்கள். இரண்டு முறை படி இறங்கினேன், திரும்ப ஏறினேன். கடைசியில் அவளே கண்டு வெளியே வந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். பூ, ஐயர், கம்பம் என்று முன்பின்னாகத்தான் வந்தது. அவள் முகம் மாறிக்கொண்டே போயிற்று.

"ஐயா, பிள்ளையார் கதையை நான் சும்மா சிரிக்கப் பகிடிக்கெல்லோ சொன்னனான்."

"தெரியும் பிள்ளை."

அன்று வேலை முடிந்து போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், என் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் குந்தினாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சாமியைப் பற்றி வாதாடவும் இல்லை. "அம்மா, சீட்டு எதுக்குப் போட்டது? முதல் எது எண்டு பாக்க மட்டும்தான். லேசர் வந்தவைக்குக் கண் குறைஞ்சால் ஊசி போடவேணும் எண்டது சீட்டுப் போட முதலே எழுதி வைச்ச சட்டம். அதுவும் சேந்துதான் உங்களுக்கு விழுந்தது. நீங்கள் ஊசி போடாட்டித்தான் விழுந்ததை மீறிறியள்."

என் மனைவி அடுப்பை விட்டுத் திரும்பினாள். "முதலே எழுதினதோ?"

"முதலே எழுதினது. அண்டைக்கே சொன்னனான் அம்மா."

"அப்ப வாறன்" என்றாள் என் மனைவி. பிறகு, "ஹெல்மெட்டைக் கழட்டும். தேத்தண்ணி எப்பிடிக் குடிப்பீர்?" என்றாள்.

ஊசி போட்டார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்து வெள்ளை விழியில் போடுவது. மாதாமாதம் போட்டார்கள். மாதாமாதம் மேடு தாழ்ந்தது. கடைசியில் ஒரு நாள் டொக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பி, "வடிவா வத்தியிட்டுது. பாருங்கோ, படம் எவ்வளவு நல்லா இருக்கு" என்றார். எனக்கும் தெரிந்தது. படைகள் மட்டமாகிவிட்டன. கறுப்புக் குழிகள் இல்லை.

"அப்ப ஏன் டொக்டர் எனக்கு உங்கடை முகம் தெரியேல்லை?" என்று கேட்டாள்.

அவர் கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்டவாக இருந்தார். நடுத்திரை நெடுநாள் நீருக்குள் கிடந்துவிட்டது, அங்கே பார்வைக்கென்று இருந்த உயிர் செத்துப்போயிற்று, நீர் வற்றினாலும் அது திரும்ப வராது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டாம் முறை விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. மாரி வெள்ளம் நின்ற வாழைப் பாத்தியை நான் எத்தனை முறை இறைத்து வற்றச் செய்திருக்கிறேன். நிலம் காய்ந்துவிடும். கிழங்கு அழுகியது அழுகியதுதான்.

வெளியே அந்தப் பெண் சுவரோடு நின்றாள். என் மனைவி கையால் தடவி அவளுடைய முகத்தைப் பிடித்தாள். கை ஈரமாயிற்று.

"ஏன் அழுறீர்? பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதது நான். நீர் என்ன செய்வீர்?"

நாங்கள் இன்னும் அங்கே போகிறோம். ஆய்வு முடியும்வரை அளக்க வேண்டுமாம். இனி என்ன அளக்கிறது என்று ஒருமுறை மனைவியிடம் கேட்டேன். "நான் போகாட்டி அவையின்ரை கணக்கு அரைகுறையாப் போகும். இன்னொருத்திக்கு உதவும்" என்றாள். ஆஸ்பத்திரி எழுத்து அட்டையின் முன் இருந்து, பெரிய எழுத்துகளுக்குக்கூட, "தெரியேல்லை, தெரியேல்லை" என்று சொல்கிறாள். அந்தப் பெண் அதைக் குறித்துக்கொள்கிறாள். நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முழு இருட்டு இல்லை. நடுவில்தான் ஒன்றும் இல்லை, ஓரங்கள் மீந்திருக்கின்றன. நேரே பார்த்தால் மறைந்துபோவது, முகத்தைத் திருப்பினால் ஓரத்தில் மங்கலாக வருகிறதாம். அதனால் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் அவள் சுவரைப் பார்க்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களுக்குள் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

நேற்று நான் சந்தைக்குப் புறப்பட்டபோது, "ஒருக்கா நில்லுங்கோ" என்றாள். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ. இன்னும். ஆ, அதிலை."

நான் அந்த இடத்தில் அசையாமல் நின்றேன்.

"தலைமயிர் வெட்ட வேணும் உங்களுக்கு" என்றாள், கதவைப் பார்த்தபடி.