இருதய டாக்டரிடம் சின்னப்பொண்ணு

மலையில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் ஊசி போடுவது, மீதி நேரம் மல்லுக்கு நிற்பது. யாரையாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் காத்துக் கிடந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் ஜாதிதான், மேலே படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் வேலை பார்த்தேன். அங்கே சின்னப்பொண்ணு என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. ஒரு கட்டு சாமைக் கதிரைத் தூக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். எங்கள் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, வேலூரில் இருதய டாக்டரிடம் காட்டாமல் விட்டால் ஆள் தங்காது என்றார். இவளைச் சாகவிடப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

எந்த டாக்டர்?

வேலூரில் இருதயம் பார்க்கிறவர்கள் என்று இரண்டு மூன்று பேரைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த நர்ஸுகளையெல்லாம் பிடித்து விசாரித்தேன். யார் பெரிய டாக்டர் என்று நான் கேட்கவில்லை. நோயாளி பேசி முடிக்கிற வரைக்கும் யார் காது கொடுப்பார் என்றுதான் கேட்டேன். எல்லோரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது?

சின்னப்பொண்ணுவின் புருஷன் வேடியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. போளூரில் ஒரு டாக்டர் காய்ச்சலுக்கும் ஊசி போடுவார், கால்வலிக்கும் ஊசி போடுவார், அவரே போதும் என்றான். இவர் இருதயத்தை மட்டுமே படித்தவரப்பா என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "நெஞ்ச மட்டும் படிச்சவர்கிட்ட முழு ஆளையும் எப்டிம்மா ஒப்படைக்கறது?"

எல்லா மருந்தும்

ஒரு வாரம் போராடிச் சம்மதிக்க வைத்தேன். வேலூர் டாக்டர் இதுவரை என்னென்ன சாப்பிட்டாள் என்று கட்டாயம் கேட்பார். அதனால் மாத்திரை, கஷாயம், வேர் எதுவாக இருந்தாலும் ஒன்று விடாமல் கொண்டுவா என்று வேடியப்பனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, கூடவே தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர். மலையில் வேர் அரைத்துக் கொடுக்கிற வைத்தியராம். வெற்றிலையை மென்றுகொண்டு பஸ்ஸில் ஜன்னலோரமாக முதல் ஆளாய் உட்கார்ந்துவிட்டார். இவர் எதுக்குய்யா என்று பல்லைக் கடித்தேன். வேடியப்பன் சாவதானமாகச் சொன்னான்: "வேரு பேர வெளிய சொல்ல மாட்டாராம்மா. அதான் ஆளையே இட்டாந்துட்டேன்."

பஸ்ஸில் ஒத்திகை

டாக்டர் முன்னால் போனதும் நம் ஆட்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதனால் மலை இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். படுத்தா இன்னா ஆவுது? நடந்தா இன்னா ஆவுது? கால் வீங்குதா? சின்னப்பொண்ணு தடங்கல் இல்லாமல் சொன்னாள். ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தேதான் தூங்குகிறேன், பிள்ளையைத் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. போளூர் வரைக்கும் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். இறங்கும்போது கண்டக்டர் கும்பிடு போட்டார்: "நர்ஸம்மா, கேட்டுக் கேட்டு எனக்கே மூச்சு வாங்குது."

வேப்பமரத்தடி

வேலூர் டாக்டர் பொறுமைசாலி. பரிசோதித்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார், மூச்சு வாங்குதாம்மா? "இல்லீங்க." ராத்திரி தூக்கம்? "நல்லா தூங்கறேங்க." உடம்புக்கு வேற என்ன? "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் கீறேங்க." எனக்கு ரத்தம் கொதித்தது. அடிப்பாவி! டாக்டர் என்னைப் பார்த்தார். வால்வில் சத்தம் கேட்கிறது, ஆனால் ஆபரேஷன் இப்போதா அப்புறமா என்பது அவள் படுகிற கஷ்டத்தைப் பொறுத்தது என்றார். கஷ்டமே இல்லையென்றால் மாத்திரை தருகிறேன், ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்றார். ஆறு மாசம் கழித்து இவள் இருப்பாளா!

வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்து உலுக்கினேன். ஏன்டி பொய் சொன்னே? வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். அவர்கள் ஊரில் பிறத்தியார் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தன் நோவைப் பேசமாட்டார்களாம். பேசினால் அது அந்த வீட்டிலேயே தங்கிவிடுமாம். மேஜையில் டாக்டருடைய பிள்ளைகள் போட்டோ இருந்ததைப் பார்த்துவிட்டாளாம். மலையில் பெண்கள் என்னையும் வாசலுக்குக் கூப்பிட்டுத்தான் பேசுவார்கள். வெட்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

விடுவேனா? வரிசையில் இருந்தவர்கள் திட்டத் திட்ட உள்ளே புகுந்து, டாக்டர், கொஞ்சம் வெளியே வரணும் என்றேன். நான் சொன்ன காரணத்தைக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. கழுத்தில் குழாயோடு எழுந்து வந்து வேப்பமரத்தடியில், வெற்றிலை மென்றுகொண்டிருந்த நம் வேர் வைத்தியர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சின்னப்பொண்ணு வானத்தைப் பார்த்தாள், கூரை இல்லை. மடை திறந்தது போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டு முடித்ததும் டாக்டர் முகம் மாறியது. "ஆறு மாசம் இல்லம்மா, இந்த வாரமே ஆபரேஷன்."

மறுபடியும் வந்தாள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மலையில் அடுத்த சாமை அறுப்பும் முடிந்த நேரம். நான் எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளே மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு சின்னப்பொண்ணு மேட்டில் ஏறி நேரே உள்ளே வந்து நின்றாள். எப்டிடி கீறே என்றேன். "நல்லா கீறேன்க்கா" என்றாள். இந்த வார்த்தையைத்தானே அன்றைக்கும் சொன்னாள்! கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, வெயிலில் நிறுத்தி, இப்ப சொல்லு என்றேன். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்காமல் சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். "அய்ய, இங்கயும் நல்லாத்தான் கீறேன்க்கா!"

இருதய டாக்டரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: போர்டைப் படிப்பதற்கு முன்னால், வாசலில் ஒரு மரம் இருக்கிறதா, கூப்பிட்டால் டாக்டர் அதுவரைக்கும் எழுந்து வருவாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.