கப்பலில் ஏறாத ராஜா

வாஸ்கோடகாமா மேல் ஜொஹ்ராவுக்குச் சொந்தக் கோபம் உண்டு. செத்து ஐந்நூறு வருஷம் ஆன மனிதன் என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. ஹஜ்ஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பலை ஆட்களோடு கொளுத்தியவன் அவன். ஜொஹ்ராவின் முன்னோரோ கீழக்கரையில் கப்பல் விட்டு வியாபாரம் செய்தவர்கள். அது போதாதா? புனேயில் மகர்பட்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சராக இருக்கும் அவள், கடல்வழி தேடிப் போனவர்கள் பாடம் வந்துவிட்டால் சண்டைக்குப் போகிறவள்போலத்தான் வகுப்புக்குள் நுழைவாள்.

எதையும் மறந்துவிடுகிற ஆளில்லை அவள். பைக்கு அடியில் அழுகிய தக்காளியைத் தள்ளிவிட்ட காய்கறிக்காரனிடம் அதற்கப்புறம் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கியதில்லை. அவன் கண்ணில் படும்படி பக்கத்து வண்டியில் நின்று நிதானமாகப் பேரம் பேசுவாள். அவள் கணவன் யூசுஃப், பையும் சூட்கேஸும் விற்கும் கடை வைத்திருக்கும் சாது மனிதன். இவளை மட்டும் எதிலும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டான்.

அந்தப் பாடத்துக்காக ஜொஹ்ரா ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போயிருக்கும் நேரம், தன் பிள்ளைகளை அந்த அறைக்குள் அனுப்புவாள். ஆளுக்கொரு காகிதக் கொடி. பிடித்த பெஞ்சு, தண்ணீர் பாட்டில், ஜன்னலோர இடம், எதில் வேண்டுமானாலும் கொடியை ஒட்டி ‘என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வருகிற பிள்ளைகள் தங்கள் இடத்தில் உட்கார இவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கூச்சல், அழுகை எல்லாம் அடங்கியபின் போர்டை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பக்கம், ஏன் வந்தார்கள். மறு பக்கம், வந்ததால் யாருக்கு என்ன ஆனது. மிளகு, பொன், பேராசை என்று இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும். வலப்பக்கத்துக்குப் பிள்ளைகள் யோசிப்பார்கள். கடைசியில் ஒன்று சொல்வாள். ராஜா கப்பலில் ஏறவே மாட்டார், அரண்மனையில் உட்கார்ந்து அனுப்பிவைப்பார், புயலில் மாட்டுகிறவர்கள் வேறு ஆட்கள் என்று.

ஜூலையில் இந்த வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் கிரிஜா, பக்கத்து வகுப்பு டீச்சர். கோயம்புத்தூர்க்காரி. இருவரும் மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். கிரிஜாவின் மகள் மீனு ஜொஹ்ராவின் வகுப்பில்தான் படித்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு போனாள் கிரிஜா. அடுத்த மாதம் நிர்வாகத்தின் முன்னால் அதைத் தன் புதிய முறை என்று காட்டி, ஆரம்ப வகுப்புகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராகிவிட்டாள். ஜொஹ்ராவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

கேட்டபோது கிரிஜா சிரித்தாள். “என்னங்க ஜொஹ்ரா, குழந்தைங்களுக்குத்தானுங்களே நல்லது. இதுல உங்களுது என்னுதுன்னு என்ன இருக்கு?”

அந்தச் சிரிப்பைத்தான் ஜொஹ்ராவால் விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். விட்டுத்தள்ளு, பேர்தானே போனது என்றான் யூசுஃப்.

“பறிகொடுத்தவங்களப் பாத்து எல்லாரும் இதத்தான் சொல்றாங்க மச்சான்” என்றாள் அவள்.

வழி தானாக வந்து சேர்ந்தது. டிசம்பரில் பெற்றோரும் அறங்காவலர்களும் வரும் நாளில் கிரிஜா அந்த விளையாட்டை மேடையில் நடத்திக் காட்டப்போகிறாளாம். பழகிய பிள்ளைகள் என்று ஜொஹ்ராவின் வகுப்பையே கேட்டாள். தாராளமாக என்றாள் ஜொஹ்ரா.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு புது விதி வந்தது. யாராவது ‘நான் கண்டுபிடித்தேன்’ என்று சொன்னால் மொத்த வகுப்பும் எழுந்து, “உனக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?” என்று கேட்க வேண்டும். தெரிந்தவர் கை தூக்கிப் பெயர் சொன்னால் ஒரு தங்க நட்சத்திரம். தொலைந்த ரப்பரைக் கண்டுபிடித்தவனைக்கூடப் பிள்ளைகள் விடவில்லை. ஜொஹ்ரா தினமும் ஒரு தரமாவது அந்தக் கேள்வியைச் சாணை பிடித்தாள். பதில் சொல்வது மீனுவாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. முந்திக்கொண்டு பேச ஹுதா இருக்கிறாள், பாசித் இருக்கிறான் என்று அதைத் தள்ளிவிட்டாள்.

அந்த நாளில் விளையாட்டு அமர்க்களமாக நடந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் கிரிஜா பட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தாள். பல நாள் யோசித்து இந்த முறையைத் தான் கண்டுபிடித்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். மேடையிலிருந்த மொத்த வகுப்பும் எழுந்தது.

“உங்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?”

சபை சிரித்தது. கிரிஜாவும் சிரித்தாள். பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள் பாவம். கைகள் நிறைய உயர்ந்தன. தன் பிள்ளை நாலு பேர் முன்னால் பேசட்டும் என்ற ஆசையில் பெருமையோடு மீனுவைக் கைகாட்டினாள்.

“ஜொஹ்ரா மிஸ்” என்றாள் மீனு, மைக்கில், தெளிவாக. “ஜூலையில் எங்களுக்கு நடத்தினார்கள். அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள்.”

கிரிஜாவின் முகம் வெளுத்தது. அறங்காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூணோரம் நின்ற ஜொஹ்ராவுக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப்போன சந்தோஷம். மேடையை விட்டு இறங்கிய மீனுவின் கையில் அவளே நட்சத்திரத்தை ஒட்டிவிட்டாள். சாயங்காலம் போகும் வழியில் யூசுஃபுக்குப் பிடித்த மட்டன் ஒரு கிலோ வாங்கினாள்.

மறுநாள் இடைவேளையில் எல்லாரும் வெளியே ஓடியபின் மீனு மேசையருகே வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. வீட்டில் அம்மா அவளோடு பேசவில்லை. இனிமேல் உன் மிஸ்ஸே உனக்குச் சோறு போடட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, வராத தமிழில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

“மிஸ், ராஜா கப்பல்ல ஏற மாட்டார்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா, சொன்னேன்.”

“நேத்து என்னை ஏத்துனது நீங்கதானே?”

இல்லை என்று சொல்ல வழி இருந்தது. கேட்டது வகுப்பு, கை தூக்கியது மீனு, கைகாட்டியது பெற்ற தாய். எல்லாம் உண்மைதான். கிரிஜாவை இன்னொரு தரம் அதே மேடையில் நிறுத்தச் சொன்னாலும் ஜொஹ்ரா நிறுத்துவாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பல் அனுப்பிய ராஜாக்களும் இப்படித்தான் ஆளுக்கொரு பங்காகப் பழியைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

“ஆமா கண்ணு, நான்தான்” என்றாள்.

மீனு தலையை ஆட்டிக்கொண்டாள். கையிலிருந்த தங்க நட்சத்திரத்தை நகத்தால் மெல்ல உரித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.