கை மாறிய காப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பல விஷயங்கள் மறந்தும் போய்விட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு இழுத்தது. காட்டேரி என்று சொல்லிப் பூசாரி அவன் கையில் காப்பு கட்டினார். காப்போடு தோட்டத்து எல்லையைத் தாண்டினால் பிள்ளை போய்விடும், அவிழ்ப்பவரைக் காட்டேரி பிடிக்கும் என்றார். அதனால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பிள்ளை பால் குடிப்பதையும் நிறுத்தியதும், என் வீட்டுக்காரர் கீழ்க் கிராமத்திலிருந்து பேய் விரட்டும் சிங்களக் கட்டாடியாவைக் கூட்டி வந்தார். அவர் பேய் ஓட்ட எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வெட்டவில்லை. பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"இது பேய் இல்ல, சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"காப்பு இருக்குங்களே ஐயா," என்றேன்.

பெற்றவர்கள் இருவரும் அந்த முடிச்சையே பார்த்து நின்றோம். கட்டாடியா அதை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்குப் பயமில்லீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பயம்தான். நீங்க ஓடுங்க."

மகன் பிழைத்தான். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, அந்தக் கட்டாடியா காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு இப்போது காட்டேரியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. அவருக்கு உண்மையில் என்ன நோய் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.