வெள்ளிக்கிழமை வெளியே போகாத குப்பை

"கண்ணு, ஒருத்தன் எதை வேண்டாம்னு வெளிய போடறான்னு பாரு, அப்பத்தான்..." என்று எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஏதோ சொல்வார். அப்பத்தான் என்ன ஆகும் என்பது மறந்துபோய்விட்டது. திருப்பூரில் குப்பை வண்டி வைத்துத் தொழில் செய்பவனுக்கு அந்த மீதியைக் கம்பெனி கேட்டுகளில் தவணை முறையில் சொல்லித் தருகிறார்கள். இதே தொழிலில் உள்ள சக அவஸ்தைக்காரர்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

ஷார்ஜா பாடம்

ஷார்ஜாவில் குப்பை அள்ளும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினேன். அங்கே கற்ற சொற்களையும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். இரும்புத் தொட்டிக்கு 'ஸ்கிப்'. கொட்டும் இடத்தில் கட்டும் கட்டணத்துக்கு 'டிப்பிங் ஃபீ'. இரண்டு வண்டி வாங்கினேன். ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி கிடைத்தது. அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் இரண்டு வண்டியும் ஓடின. அது போனால் வண்டிகள் ஷெட்டில், நான் வீட்டில்.

முதல் நாள் அதன் மேனேஜரிடம், குப்பை போடுகிறவர் பணம் தருவார், எடுத்துப் போகிறவர் வாங்கிக்கொள்வார், இதுதான் முறை என்று விளக்கினேன். தமிழிலும் ஷார்ஜா இங்கிலீஷிலும் விளக்கினேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, எங்க வேஸ்ட்டையும் குடுத்துப்போட்டு நாங்களே காசும் தரோணுங்களா? அந்த ஊர்க்காரங்க ரொம்ப ஏமாந்தவங்களாட்ட இருக்குதுங்க."

பெண்ணும் பெண் வீட்டாரும்

இங்கே குப்பைக்கு ஜாதகம் உண்டு. துணி வெட்டும்போது விழும் வெள்ளைத் துண்டுகளுக்குப் பெயர் 'வெள்ளை'. மறுபடி நூலாகப் போகும் என்பதால் அதற்கு ஏக கிராக்கி. காசு கொடுத்து நாம்தான் வாங்க வேண்டும். சாயத் துணித் துண்டு 'கலர்'. அதற்கும் ஆள் உண்டு. மிச்சமெல்லாம் 'மிக்ஸ்': டீ கப், பாலித்தீன் கவர், ஒடிந்த ஊசி, சாயம் ஒட்டிய கேன், மதியம் சாப்பிட்ட இலை. இதைச் சீண்ட ஆளில்லை. ஆகவே ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. வெள்ளை வேண்டுமென்றால் மிக்ஸையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாகக் கிடையாது.

என் டிரைவர் செல்வின் நாசரேத்துப் பக்கத்துக்காரர். முதல் லோடு ஏறுவதை டீயோடு நின்று பார்த்தார். நாலு மூட்டை வெள்ளை ஏறியது. பின்னாலேயே மிக்ஸ் மூட்டைகள் ஏறின, ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா மாமனாரு, மச்சினன், அவுக வீட்டு நாய்னு எல்லாரும்லா வண்டியில ஏறுதாவ!"

தொட்டிக்கு வந்த வாழ்வு

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் சோதனைக்கு வருகிறார் என்றதும் மேனேஜர் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தொட்டி கேட்டார். எனக்குப் புல்லரித்தது. குப்பையைப் பிரிக்கப் போகிறார்கள்! ஆடிட் அன்று போய்ப் பார்த்தால் மூன்று தொட்டியும் சந்தனம் குங்குமம் வைத்து, கல்யாண மண்டப வாசலில் நிற்பவை போல நின்றன. ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். மிக்ஸ் எங்கே போகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர், "எல்லாம் ரீசைக்கிளிங் சார்" என்றார். நானே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

ஆடிட்டர் வருவதற்கு முன்னால், ஒரு தொழிலாளி டீ குடித்த கப்பைப் பச்சைத் தொட்டியில் போடப் போனார். எச்.ஆர். பெண் பதறி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

"அய்யோ, அதுல போடாதீங்ணா, குப்பையாயிருமுங்க!"

மகாலட்சுமி தங்கும் இடம்

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. வெளியே போவது லட்சுமி. ஊசி போனாலும் லட்சுமி, எச்சில் இலை போனாலும் லட்சுமி. விவரம் தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியோடு போய், வாட்ச்மேனால் மிகுந்த பணிவோடு திருப்பி அனுப்பப்பட்டேன். அன்றிலிருந்து வியாழக்கிழமையே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. வெள்ளி முதல் திங்கள்வரை ஊறிய சாப்பாட்டு மூட்டையைக் காட்டி, இதில் எந்த லட்சுமி இருக்கிறாள் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நமக்குத் தெரியாதுங்க சார். எதுல இருக்கறாங்கன்னு தெரியாமத்தானுங்க எதையுமே உடறதில்லை."

பாறைக்குழி

என்னிடம் காசு வாங்கிக்கொண்டு மிக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்த அனுப்பர்பாளையத்து ஷெட்காரர், சாயக் கேன் அதிகம் வருகிறது என்று ஒருநாள் நிறுத்திவிட்டார். மேனேஜரைக் கேட்டேன். தாராபுரம் ரோட்டுப் பக்கம் கல் எடுத்து முடித்த பாறைக்குழி ஒன்று இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள் என்றார். 'ரீசைக்கிளிங்' என்பதன் பொருள் விளங்கியது. வியாழன் சாயங்காலம் லோடோடு நானும் செல்வினோடு போனேன்.

குழிக்கு முன்னால் பாதையை மறித்து ஆட்களும் ஆடுகளும் நின்றார்கள். யாரும் கத்தவில்லை, கொங்கு நாட்டில் வண்டியை மறிப்பதும் மரியாதையாகத்தான். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா சொம்பில் தண்ணீரோடு முன்னால் வந்தார். குழியை ஒட்டிய அவர் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர். அதில் டீ போட்டால் தேயிலை மிச்சம்; நிறம் ஏற்கெனவே வந்திருந்தது.

"வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கறீங்க. இதக் குடிச்சுப்போட்டுக் கொட்டுங்க, நாங்க ஒண்ணும் சொல்லலை."

செல்வின் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

உள்ளே வரும் லட்சுமி

வழியிலேயே மேனேஜருக்கு போன் செய்தேன். அவர் குரலில் துளி கோபமில்லை. "வேற குழி பாருங்க சார். ஊருக்கா பஞ்சம், குழிக்கா பஞ்சம்? மிக்ஸ் எடுக்கலீன்னா வெள்ளையும் இல்லீங்க. அப்பறம் உங்க இஷ்டம்." இரவு முழுக்க லோடு என் வீட்டு வாசலில் நின்றது. என் மனைவி ஜன்னல்களைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார்.

காலையில் அதே லோடோடு கம்பெனி கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க, ஒண்ணும் வெளிய போகாதுங்க" என்றார். "வெளிய எங்க போவுது? உள்ளல்லா வருது!" என்றார் செல்வின். வாட்ச்மேன் மூட்டைகளைப் பார்த்தார், ஆபீஸ் ரூமைப் பார்த்தார். பிறகு கேட்டை அகலத் திறந்தார்.

"உள்ள வர்றதுக்கு முதலாளி ஒண்ணுமே சொல்லலீங்க. வெள்ளிக்கெழமை, நல்லதுதானுங்க."

மூன்று வண்ணத் தொட்டிகள் இருந்த ஸ்டோர் ரூம் வாசலில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, இனி வெள்ளையும் எடுக்க வரமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.