அப்பாவின் ஸ்தோத்திரம்

ரயில் ஆம்பூரை நெருங்கும்போது தோல் பதனிடும் ஷாப்புகளின் ஆவாரம்பட்டை நெடி பெட்டிக்குள் ஏறியது. கண்களை மூடிக்கொண்டேன்.

சிறுவயதில், வருஷப்பிறப்பன்று எங்கள் சபையே உபவாசமிருந்து, கோயிலில் கண்மூடி முழங்காலிடும். உபதேசியார் குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். அவரவர் "ஸ்தோத்திரம்" என்பார்கள்.

ஒரு வருஷம் பழக்கதோஷத்தில் என் அப்பாவையும் அழைத்துவிட்டார். தோல் ஷாப்பில் பட்டை இடித்த அப்பாவை அதற்கு முந்தின மாசமே அடக்கம் செய்திருந்தோம்.

என் முதுகுக்குப் பின்னால் "ஸ்தோத்திரம்" என்று கேட்டது. எல்லோரும் குளித்து வந்திருந்த கோயிலில் ஆவாரம்பட்டை நெடி அடித்தது.

அம்மா என் கையை இறுக்கினாள். "கண்ணத் தொறக்காதடி. தொறந்தா போய்டுவாரு."

ஜெபம் முடிந்து மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போனார்கள். நாங்கள் எழவில்லை.

ரயில் ஆம்பூரைத் தாண்டிவிட்டது. நெடி மட்டும் என் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இன்னும் கண் திறக்கவில்லை.