பொட்டு வைத்த கம்பி

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்துப் பார்க்காமல் தங்கராஜு படியிறங்கியதில்லை. இறங்கிய பிறகும் பாதியில் நின்று, மறுபடி ஏறிப் போய் ஒரு தரம் இழுப்பார். சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டில் அந்தக் கடைவீட்டின் மாடியில் இருந்த நான்கு குடும்பங்களுக்கும் இது தெரியும். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு முன்பே எழுந்து, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஓடி வந்த மனிதர் அவர். அடுப்பு அணைந்துதான் இருந்தது. படத்தின் பின்பாதிக் கதையை அவர் மனைவி பாக்கியலட்சுமி பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வேலை இடத்தில் இதே குணத்துக்கு நல்ல பெயர் இருந்தது. நேவல் பேஸில் பதினெட்டு வருஷம் எஞ்சின் பார்த்துவிட்டு, தஞ்சோங் ரூவில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் படகுப் பட்டறைக்கு வந்தவர். தங்கராஜு முடுக்கிய நட்டை வேறு யாரும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று தவுக்கே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ரவூப் பாயின் படகு பட்டறைக்கு வந்தது. சாங்கியிலிருந்து புலாவ் தேகோங் தீவுக்கு ஆள் ஏற்றும் படகு. தீவின் படகுத்துறையான ஜெட்டியில் கடல் வற்றுகிற நேரத்தில் புரொப்பெல்லர் சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று, ரவூப் புது மாதிரி எஞ்சின் ஒன்று வரவழைத்திருந்தார். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். புரொப்பெல்லர் மாட்டிய கால் ஒன்று படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். சேறு வந்தால் காலைத் தூக்கிக்கொள்ளலாம். பட்டறையில் அந்த மாதிரி அதுதான் முதல்.

உள்ளே இருக்கிற எஞ்சினும் வெளியே இருக்கிற காலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதைப் பார்க்க எஞ்சினோடு ஒரு இரும்புக் கம்பி வந்திருந்தது. முழங்கையைவிட நீளம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. காலைக் கழற்றிவிட்டு, பின்பலகையில் உள்ள பேரிங் வழியாக அந்தக் கம்பியை விட்டால், இரண்டு விரலால் தள்ளினாலே எஞ்சினைக் காலோடு இணைக்கிற பல் வைத்த கப்ளிங்குக்குள் போய்ச் சேர வேண்டும். இறுக்கினால், எஞ்சினைத் தாங்கும் முன்காலை நட்டைத் திருப்பி ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் கப்ளிங்கின் பல் தேய்ந்துகொண்டே வரும். பல் போனால் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், புரொப்பெல்லர் சுற்றாது.

சனிக்கிழமை கம்பி வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. பட்டறை மூலையில் ஸ்பானர், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றோடும் அந்தக் கம்பியையும் கழுவி வைத்து, தங்கராஜுவே சந்தனம் குழைத்து மூன்று இடத்தில் பட்டையாகப் பொட்டு வைத்தார். தவுக்கே ஒரு தட்டு ஆரஞ்சு கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தார். புரொப்பெல்லர் காலை மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடுவது அவர் வழக்கம். நுனியைத் துடைத்து கிரீஸ் தடவினார். நடுவில் இருந்த பொட்டைத் துடைக்கக் கை வரவில்லை. பூஜைக்கு மறுநாள், முதல் வேலை. சாமிக்கு வைத்தது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். கம்பி இறுக்கியது. இரண்டு நாளில் எஞ்சின் தன் கனத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்து, முன்கால் நட்டை அரைச் சுற்று ஏற்றினார். கம்பி போனது. காலை மாட்டி, படகைத் தண்ணீரில் இறக்கி, படகோட்டி சாகுல் ஹமீது கையில் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பாக்கியலட்சுமி தையல் மிஷின் முன்னால் கத்திரிக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, சந்தனம் வெக்கச் சொன்னா இப்படியா அப்புவீங்க? காஞ்சு கல்லா நிக்குது. கத்திரி வாய் மூடமாட்டேங்குது.”

“துடைச்சுட்டு வெட்டேன்.”

“துடைச்சுட்டேன். இடுக்குல இருக்கே. இத்தனூண்டுதான், ஆனா கோணிக்கிட்டு நிக்குது பாருங்க.”

அவர் பார்த்தார். இரண்டு அலகுகளுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கோட்டின் கனத்துக்குக் கத்திரியின் நுனிகள் ஒன்றை ஒன்று தாண்டி விலகி நின்றன.

டம்ளரைக் கீழே வைத்தார். “பாக்கியம், நான் சாங்கிக்குப் போறேன்.”

“எதுக்கு?”

“படகு. கம்பியில பொட்டு இருந்துச்சு. அதுதான் இறுக்கியிருக்கு. நான் எஞ்சினைக் கோணலா வெச்சுட்டேன்.”

“போன வாரம் அடுப்பு, இந்த வாரம் படகா?” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். “சட்டை பொத்தானைப் போட்டுக்கிட்டுப் போங்க.”

அன்று அவர் பூட்டைப் பற்றி நினைக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிற ஒரு பைரேட் டாக்சியை மறித்து ஏறினார். ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் இறங்கினார்கள். கேலாங்கில் ஒருவர் கோழிக் கூடையை இறக்க நேரம் எடுத்துக்கொண்டார். முதல் படகு ஏழரைக்கு. சாங்கியிலிருந்து தேகோங் வரைக்கும் நடுவில் நீரோட்டம் இழுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே பல் போனால் படகு கிழக்கே கப்பல் போகிற வழிக்குப் போய்விடும். அவர் மனத்தில் அந்த அரைச் சுற்று நட்டுதான் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது.

ஜெட்டியில் படகு நின்றது. பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ரவூப் கயிற்றின் பக்கத்தில் நின்றார்.

“பாய், படகை எடுக்க வேணாம். எஞ்சின் நேரா இல்லை.”

“என்னா தங்கராஜு, நேத்து தஞ்சோங் ரூவிலேருந்து இங்க வரைக்கும் ஓட்டிட்டு வந்தாச்சு. இருமக்கூட இல்லை.”

“நேத்து ஓடும். இன்னைக்கும் ஓடலாம். எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது.”

“நீ வூட்டுப் பூட்டையே நம்பாத ஆளு,” என்று ரவூப் சிரித்தார். படகில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

“இது பூட்டு இல்லை பாய். நான் பண்ணின தப்பு.”

ரவூப் சிரிப்பை நிறுத்தினார். அடுத்த படகு ஒன்பது மணிக்குத்தான். முன்பலகையில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்திருந்த குணவதி மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். தீவுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிற நர்ஸ்; யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

“ஒம்பது மணி வரைக்கும் என்னாலை இருக்கேலாது. அங்கை ஒரு பிள்ளைக்கு விடியவே நோ தொடங்கிட்டுதாம். தலைப்பிள்ளை.”

தங்கராஜு படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். காலைக் கழற்றாமல் இங்கே எதுவும் செய்ய முடியாது.

“மத்தவங்க இறங்கட்டும். மிஸ்ஸி மட்டும் வரட்டும். நானும் வர்றேன்.”

ஐந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். மற்றவர்கள் நகரவில்லை; தங்களுக்கும் வேலை இருக்கிறது என்றார்கள். ரவூப் அவர்களை வற்புறுத்தவில்லை. இரண்டு துடுப்பையும் ஒரு சுருள் கயிற்றையும் படகில் எடுத்துப் போட்டது மட்டும்தான்.

தங்கராஜு எஞ்சின் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “சாகுல், பாதி வேகம். சுக்கானை வெட்டித் திருப்பாதே. அகலமா வளைச்சுப் போ.”

“அண்ணே, இப்படிப் போனா மத்தியானச் சோத்துக்குத்தான் போய்ச் சேரலாம்.”

“சேர்ந்தா சரி.”

முதல் வளைவிலேயே கைக்குக் கீழே வந்தது. காதுக்குக் கேட்கவில்லை, யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு நறநறப்பு, உள்ளங்கையில் மட்டும். படகு நேரானதும் நின்றது. நீரோட்டத்தில் படகின் மூக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தபோது மறுபடி வந்தது, இந்தத் தடவை நீளமாக. அவர் துடுப்பு கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார். அவர் பார்ப்பதைக் குணவதி பார்த்தாள்.

“சுகமில்லாதவனுக்குக் கை பிடிச்சுப் பாக்கிற மாதிரி இருக்கிறியள். நாடி எப்பிடி?”

“இருக்கு மிஸ்ஸி.”

“இருந்தால் போதும்.” மருந்துப் பெட்டியின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

இருபது நிமிஷப் பயணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஜெட்டியில் முட்டியதும் குணவதி திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். தங்கராஜு பெட்டியைத் திறந்து பாட்டரி வயரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாகுல் எவ்வளவு கேட்டும் கொடுக்கவில்லை. வேறொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் பட்டறையில் காலைக் கழற்றும்போது ரவூப்பும் தவுக்கேயும் பக்கத்தில் நின்றார்கள். தங்கராஜு கம்பியை மண்ணெண்ணெயில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேரிங்கில் விட்டார். ஒரு விரல்கடை பாக்கி இருக்கையில் நின்றுவிட்டது. முன்கால் நட்டை அரைச் சுற்று இறக்கினார். கம்பி தானாகப் போய் உட்கார்ந்தது. கப்ளிங்கின் பல் ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது.

“எத்தனை நாள் தாங்கியிருக்கும்?” என்றார் ரவூப்.

“தெரியாது பாய்.”

“பொட்டை அழிக்க மனசு வராமலா?”

“ஆமா.”

தவுக்கே தன் மேசைக்குப் போய்க் கணக்கு நோட்டைத் திறந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று தங்கராஜுவுக்கு இருந்தது. ரவூப் ஒரு கீறலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“வேற கப்ளிங் போட்டுக் கொடு. பெறகு ஒரு வாரம் தினம் காலையில நீ வந்து படகுல உக்காரணும். ஏறுற சனங்க உன் மூஞ்சியைப் பாக்கணும்.”

அப்படியே செய்தார். ஒரு வாரம், தினமும் முதல் பஸ்ஸில் சாங்கிக்குப் போய், தேகோங்குக்குப் போய் வந்து, அதன் பிறகு பட்டறைக்குப் போனார். சிலர் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குக் காத்திருந்தார்கள். அதை அவர் பாக்கியலட்சுமியிடம் சொல்லவில்லை. சாகுல் சொல்லி அவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் குணவதி ஏறி அவருக்கு எதிரே உட்கார்ந்து, “பெடியன். நான் போய் அரை மணித்தியாலத்திலை பிறந்திட்டுது,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தாள்.

எட்டாம் நாள் ரவூப், “போதும், இனி வர வேணாம்,” என்றார். படகு அவர் இல்லாமல் கிளம்பியது, நிறைய ஆட்களோடு. முழு வேகத்தில் போய் முனையில் சட்டென்று திரும்பியது. எஞ்சின் சத்தம் தொலைவில் தேய்ந்து மறைகிற வரைக்கும் தங்கராஜு ஜெட்டியில் நின்றார். பஸ் வந்து நின்று போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குள் படகு திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அங்கேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.