தோல் போட்ட சீட்

பக்கவாதம் வந்த பிறகு என் அண்ணன் யார் காரிலும் ஏற மறுத்தார். சோதனைக்குப் போகும் நாளில் ஆஸ்பத்திரி வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கி அவரைத் தூக்கி ஏற்றுவார்கள். திரும்பி வந்தால் அன்று முழுக்கப் பேச மாட்டார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். சுங்கைப் பட்டாணியில் சந்தைப் பக்கம் ஒரு காப்பிக்கடை உண்டு. மாலையில் லாரிக்காரர்கள் அங்கே கூடுவார்கள். அங்கே ஒருமுறை போக வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம்.

"என் காடியில போறேன். யாரும் தூக்க வேணாம்" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது.

அவருடைய காடி, கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியிடமிருந்து வாங்கிய பழைய ஆங்கிலேயக் கார். ஆமை முதுகு, உருண்டை விளக்கு. துரையின் காரில் தோல் சீட், கிராணியின் காரில் பிளாஸ்டிக் சீட் என்பார் அண்ணன். வெயிலில் முதுகு ஒட்டிக்கொள்ளும். சட்டையைப் பிய்த்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு நாள் தோல் போடணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போடவில்லை. இப்போது அந்தப் பிளாஸ்டிக் நெடுகக் கிழிந்து ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சீட்டுகளைக் கழற்றி குஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர். ஸ்பிரிங்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கல்யாணக் காடியா அண்ணே?"

"இல்ல. உடம்பு முடியாதவர் உட்காரணும்."

"அப்படின்னா தோலே போடுங்க லா. துணி போட்டா ஊறிடும். தோலு, துடைச்சா போயிடும்."

எது ஊறும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் நனைந்த படுக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வேலை செய்வதை ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். பழைய உறையின் தையலைப் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாக மேசையில் பரப்பினார். உள்ளே இருந்த குதிரைமுடி பொடியாக உதிர்ந்தது. பிரித்த துண்டுகளைப் புதுத் தோலின் மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். தோலில் ஓரிடத்தில் முள்கம்பி கிழித்து ஆறிய தழும்பு இருந்தது. அந்த இடம் சீட்டின் அடியில் போகும்படி திருப்பி வைத்து வெட்டினார்.

சீட்டுகளைப் பூட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று அண்ணன் சவரம் செய்துகொண்டார். ஊன்றுகோலும் அண்ணியின் தோளுமாக வாசலுக்கு வந்து, அவராகவே முன்சீட்டில் உட்கார்ந்தார். வலது கையால் தோலைத் தடவினார்.

"துரை மாதிரி இருக்கேனா?"

"துரைக்கு இவ்வளவு தொப்பை இருந்திச்சா?" என்றார் அண்ணி. மூன்று பேரும் சிரித்தோம். அண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது. எங்கள் குடியிருப்பான தாமானை விட்டு வெளியே வரும் வளைவில் அண்ணன் கதவுப் பக்கமாகச் சாய்ந்தார். வலது கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டு" என்றார். பெரிய சாலையின் சிவப்பு விளக்கில் நான் பிரேக்கை மெதுவாகத்தான் அழுத்தினேன். அவர் முன்னால் சறுக்கிப் போனார். ஊன்றி நிற்க இடது கால் உதவவில்லை. தோலில் பிடிமானமும் இல்லை. பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் ஒட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் முன்பலகையில் முட்ட, இடுப்பு சீட்டிலிருந்து இறங்கி, கால் வைக்கும் பள்ளத்தில் மடங்கிக் கிடந்தார்.

என் ஒருவனால் தூக்க முடியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், இன்னொருவர் காலைப் பிடித்தார். "பெலான், பெலான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நிதானமாகத்தான் தூக்கினார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போ" என்றார்.

காப்பிக்கடை இன்னும் இரண்டு சந்திப்பு தள்ளி இருந்தது.

மறுநாள் அண்ணி ஒரு தடித்த துண்டை சீட்டில் விரித்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். "துண்டு விரிச்சு உட்கார நான் கைப்புள்ளையா?" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி என்னிடம் தனியாகக் கேட்டார்: "தம்பி, அந்தப் பழைய பிளாஸ்டிக்கையே தச்சு மாட்ட முடியாதா?"

குஷன் கடைக்குப் போய்க் கேட்டேன். "பழசப் பிரிச்சுத்தானே அண்ணே புதுசுக்கு அளவு எடுத்தேன்" என்றார். மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் காட்டினார். துண்டுகள் அதில் இருந்தன. "வேற பிளாஸ்டிக் போட்டுத் தரவா?"

வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன், "வேணாம்" என்றார். அதற்குப் பிறகு காப்பிக்கடைப் பேச்சை எடுக்கவே இல்லை.

பேட்டரி இறங்காமல் இருக்க ஞாயிறுதோறும் வாசலுக்குப் போய் இஞ்சினை ஓட விடுகிறேன். உள்ளே கட்டிலில் படுத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில், "போதும், அடைச்சிரு" என்று குரல் வரும். மழைக்காலத்தில் தோலின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. அண்ணி துடைத்து வைக்கிறார். துடைத்தால் போய்விடுகிறது.